பகடி எப்படி வேலை செய்கிறது? ‘பிஹைண்ட் தி லாஃப்டர்’ எபிசோடை முன்வைத்து



‘பகடி என்றால் என்ன?’ என்று வகுப்பில் கேட்டால், ‘கிண்டல் பண்றது டீச்சர்’ என்று உடனே பதில் வரும். எழுதச் சொன்னாலும் அதையே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அது பாதி விடைதான். கிண்டல் ஒரு ஆளைப் பார்த்துச் செய்வது. பகடி ஒரு வடிவத்தைப் பார்த்துச் செய்வது. ஒரு பேச்சு, ஒரு பாட்டு, ஒரு செய்தியறிக்கை, ஒரு ஆவணப்படம் எந்த அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறதோ, அதே அச்சில் வேறு மாவைப் போட்டுப் பிழிந்து காட்டுவது. முறுக்கு சரியாக வந்துவிடும். அப்போதுதான் நமக்கு அச்சு என்று ஒன்று இருப்பதே தெரியும்.

இந்த வித்தியாசத்தை விளக்க நான் பல உதாரணங்களைத் தேடிப் பார்த்தேன். கடைசியில் உதவியது ஓர் அமெரிக்கக் கார்ட்டூன். ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் 11ஆம் சீசன் கடைசி எபிசோட், ‘பிஹைண்ட் தி லாஃப்டர்’. தமிழில் ‘சிரிப்புக்குப் பின்னால்’ என்று சொல்லலாம். 2000ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி ஒளிபரப்பானது. அந்த ஆண்டு சிறந்த அனிமேஷன் நிகழ்ச்சிக்கான எம்மி விருதும் இதற்குத்தான் கிடைத்தது. ஏறக்குறைய 22 நிமிடம். ஒரே பாடவேளையில் பார்த்துவிட்டுப் பேசவும் நேரம் இருக்கும்.

முதலில் அசலைத் தெரிந்துகொள்வோம்

பகடியை ரசிக்க அசல் தெரிந்திருக்க வேண்டும். இங்கே அசல், அமெரிக்காவின் வி.எச்.1 அலைவரிசை 1997இல் தொடங்கிய ‘பிஹைண்ட் தி மியூசிக்’ என்ற ஆவணத் தொடர். ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு பாடகர் அல்லது ஒரு இசைக்குழு. மேடைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவர்களே நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார்கள். பழைய புகைப்படங்கள் மெதுவாக நகரும். கனத்த குரலில் ஒருவர் கதையைக் கோத்துச் சொல்வார்.

நான்கைந்து எபிசோட் பார்த்தால் போதும், ஆறாவதை நீங்களே எழுதிவிடலாம். எளிய தொடக்கம். ஒரு வாய்ப்பு. திடீர்ப் புகழ். பணம், மாளிகை. போதை. கூட்டாளிகளுக்குள் சண்டை. கடன், வீழ்ச்சி. கடைசியில் மன்னிப்பு, மீட்சி, ‘இனி எல்லாம் நல்லதே’. விளம்பர இடைவேளைக்கு முன்னால், பெரிய ஆபத்து வரப்போகிறது என்று ஒரு மிரட்டல் வேறு. சொல்லப்படும் வாழ்க்கைகள் உண்மையானவை. பட்ட துன்பமும் உண்மைதான். ஆனால் எல்லாருடைய துன்பமும் ஒரே வரிசையில், ஒரே இசையோடு வந்து நிற்கும்போது, இது வாழ்க்கையின் வரிசையா, நிகழ்ச்சியின் வரிசையா என்ற சந்தேகம் வருகிறது, இல்லையா? சிம்ப்சன்ஸ் குழு பிடித்துக்கொண்டது அந்தச் சந்தேகத்தைத்தான்.

கதைச் சுருக்கம்

ஹோமர், மார்ஜ், பார்ட், லிசா ஆகியோர் கார்ட்டூன் பாத்திரங்கள் அல்ல. தங்களையே நடித்துக் காட்டும் ஒரு நடிகர் குடும்பம். இதுதான் இந்த எபிசோடின் கற்பனை. தொலைக்காட்சியில் வரும் குடும்பங்கள் நிஜக் குடும்பம் மாதிரியே இல்லை என்று ஹோமருக்குக் குறை. அதனால் தானே ஒரு நிகழ்ச்சி எடுக்கிறார். ஃபாக்ஸ் நிறுவனம் அதை வாங்குகிறது. புகழ், இசைத்தட்டு, பரிசு, மாளிகை எல்லாம் வருகின்றன. பிறகு ஒவ்வொன்றாகச் சரிகிறது. ஹோமருக்கு வலிநிவாரணி மாத்திரைப் பழக்கம். பார்ட் மறுவாழ்வு மையத்துக்குப் போகிறான். வரித்துறை மாளிகையைப் பறிக்கிறது. அயோவா மாநிலக் கண்காட்சி மேடையில் குடும்பமே சண்டை போட்டுப் பிரிகிறது. பாடகர் வில்லி நெல்சன் ஒரு போலி விருது விழா ஏற்பாடு செய்து அவர்களைச் சேர்த்துவைக்கிறார். கட்டிப்பிடித்து அழுகை, சுபம்.

கதை சொல்லும் குரல் யாருடையது தெரியுமா? அசல் ‘பிஹைண்ட் தி மியூசிக்’கின் கதைசொல்லி ஜிம் ஃபோர்ப்ஸையே கொண்டுவந்து பேசவைத்திருக்கிறார்கள். அவர் ஒரு இடத்திலும் சிரிப்பதில்லை. அசலில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசுகிறார்.

நம் இலக்கணத்தோடு இதை இணைத்துப் பாருங்கள். தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழிப்பை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். இந்த எபிசோடில் ‘இந்த மாதிரி ஆவணப்படங்கள் போலியானவை’ என்று யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மாறாக, அந்த வடிவத்துக்கு முழு மரியாதை கொடுத்து நடக்கிறார்கள். பழிப்பு மரியாதைக்குள் ஒளிந்திருக்கிறது. பழிகரப்புக்கு இதைவிட எளிதாகப் புரியும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கவனிக்க வேண்டிய ஐந்து இடங்கள்

ஒன்று, மொழி. இந்த வகை ஆவணப்படங்களில் உவமையும் மரபுத்தொடரும் மழையாகக் கொட்டும். எபிசோட் அதில்தான் முதலில் கைவைக்கிறது. புகழ் ஒரு போதைமருந்து மாதிரி இருந்தது என்கிறார் ஹோமர். ஊரில் எல்லாரும் சொல்வதுதானே? ஆனால் அடுத்த மூச்சிலேயே, அதைவிடப் போதைமருந்து மாதிரி இருந்தது அந்தப் போதைமருந்துதான் என்கிறார். உவமை அங்கேயே சரிந்து விழுகிறது. ஒரு பொருளை அதற்கே உவமையாகச் சொல்லும் மரபு நம் அணியிலக்கணத்திலும் உண்டு. அங்கே அது ‘நிகரே இல்லை’ என்ற பெருமைக்காக வரும். இங்கே அந்த உவமை எவ்வளவு தேய்ந்துபோனது என்று காட்டுவதற்காக வருகிறது.

இன்னொன்று. வசதி இல்லாமல், நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காரியத்தில் இறங்குவதைச் ‘சிறகும் பிரார்த்தனையும்’ என்ற மரபுத்தொடரால் ஆங்கிலத்தில் சொல்வார்கள். கதைசொல்லி அதைப் பயன்படுத்திவிட்டு விடமாட்டேன் என்கிறார். இப்போது சிறகில் தீப்பற்றிவிட்டது, பிரார்த்தனைக்குப் பதில் கொடுத்தது சாத்தான் என்று இழுத்துக்கொண்டே போகிறார். தமிழில் இதைச் செய்து பார்க்க வேண்டுமா? ‘அவர் கொடிகட்டிப் பறந்தார்’ என்று தொடங்குங்கள். ‘இப்போது கொடி கிழிந்துவிட்டது, கம்பத்தையும் கடன்காரன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்’ என்று முடியுங்கள். மரபுத்தொடரைப் பொருள் உணராமல் ஒட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே நல்ல பாடம். நம் மாணவர்கள் கட்டுரைகளில் இதைத் தெரியாமல் செய்கிறார்கள். ஜிம் ஃபோர்ப்ஸ் தெரிந்து செய்கிறார்.

இரண்டு, மாளிகை. பணம் வந்ததும் குடும்பம் வாங்குவது பாடகர் எம்.சி. ஹாமரின் மாளிகையை. வாசலில் இருந்த பெயரில் ஹாமருக்குப் பதில் ஹோமர் வருகிறது. சும்மா ஒரு சிரிப்பு என்று நினைப்போம். எம்.சி. ஹாமர் பெரும் புகழும் பெரும் பணமும் பார்த்துவிட்டு 1996இல் திவாலானவர். அவருடைய கதையும் ‘பிஹைண்ட் தி மியூசிக்’கில் சொல்லப்பட்டது. அப்படியென்றால், வாழ்வின் உச்சத்தில் இவர்கள் குடியேறுவதே ஒரு வீழ்ச்சிக்குள்தான். சிறுகதையில் ‘முன்னுணர்த்தல்’ என்று நாம் சொல்லித்தருவது இதைத்தான். ஒரு பெயர்ப்பலகையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

மூன்று, பள்ளத்தாக்கு. 1990இல் வந்த ஒரு பழைய எபிசோடில் ஹோமர் ஸ்கேட்போர்டோடு பள்ளத்தாக்கில் விழுவார். பாறையில் மோதி மோதி விழும் அந்தக் காட்சி தொடரின் புகழ்பெற்ற நகைச்சுவைக் காட்சிகளில் ஒன்று. அதே காட்சி இங்கே மீண்டும் வருகிறது. படத்தில் மாற்றம் இல்லை. ஆனால் இப்போது அதன்மேல் கதைசொல்லியின் குரல். இது ஒரு நடிகர் உண்மையில் அடிபட்ட படப்பிடிப்பு விபத்து என்கிறது அந்தக் குரல். அதன் பிறகு சிகிச்சை, வலி, மாத்திரைப் பழக்கம். பத்து வருடம் நாம் சிரித்த ஒரு படத்தைப் பார்த்துச் சிரிக்கத் தயங்குகிறோம். காட்சி அதேதான், சொல்பவர்தான் வேறு. ‘கதைசொல்லியின் நோக்குநிலை’ என்று பலகையில் பத்து முறை எழுதுவதைவிட இந்த அரை நிமிடம் மாணவர்களுக்கு நன்றாகப் புரிகிறது.

நான்கு, குரல்வளை. என் கணக்கில் இந்த எபிசோடின் மிகக் கூர்மையான இடம் இதுதான். ஹோமர் பார்ட்டின் கழுத்தை நெரிப்பது தொடர் முழுக்க வரும் வேடிக்கை. அது எப்படி வந்தது? படப்பிடிப்பில் ஒரு நாள் கோபத்தில் உண்மையிலேயே மகனின் கழுத்தை நெரித்ததாகவும், அந்தக் கொடுமையே பிறகு மக்கள் ரொம்ப விரும்பும் நகைச்சுவை ஆகிவிட்டதாகவும் ஹோமர் சொல்கிறார். அதை அவர் இனிமையான பழைய நினைவாகத்தான் சொல்கிறார். இசை மாறுவதில்லை, கதைசொல்லி நிறுத்துவதில்லை. கதை அடுத்த வெற்றிக்கு நகர்ந்துவிடுகிறது.

முதல் முறை பார்த்தபோது நான் சிரித்தேன். இரண்டாம் முறை வகுப்பில் போட்டபோது, பின்வரிசையில் ஒரு மாணவி, “டீச்சர், அது வெளயாட்டு இல்லையே,” என்றாள். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. அவள் சொன்னதுதான் விமர்சனம். ஆவணப்படத்தின் அச்சுக்குள் எதைப் போட்டாலும் அது ‘புகழுக்கு வந்த பாதையில் ஒரு படி’ என்று ஆகிவிடுகிறது. ஒரு குழந்தையின் கழுத்தை நெரித்ததும் படி, மாளிகை வாங்கியதும் படி. ஒப்புக்கொண்டுவிட்டால் போதும், அதற்கு அப்புறம் கேள்வி இல்லை. நாம் 11 சீசனாகச் சிரித்ததையும் சேர்த்துத்தான் எபிசோட் நம் முன்னால் வைக்கிறது.

ஐந்து, சான்று. அப்பா தன் உணவில் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைக் கலந்துகொடுத்தார் என்கிறாள் லிசா. கார்ட்டூன் பிள்ளைகள் ஏன் வளர்வதில்லை என்பதற்கு ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது! ஹோமர் ஆவேசமாக மறுக்கிறார். மறுக்கும் அவசரத்தில் எத்தனை சொட்டு ஊற்ற வேண்டும் என்ற கணக்கையும் உளறிவிடுகிறார். நேர்காணல் செய்பவர் அதைப் பிடித்துக்கொண்டு மேற்கொண்டு கேட்க வேண்டும். கேட்பதில்லை. கடைசியில் கதைசொல்லி இவர்களை வட கென்டக்கியைச் சேர்ந்த குடும்பம் என்கிறார். சிம்ப்சன்ஸ் வாழும் ஸ்பிரிங்ஃபீல்டு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது தொடரின் நிரந்தரப் புதிர். இதோ விடை கிடைத்துவிட்டது என்று ரசிகர்கள் நினைத்தால், மறுஒளிபரப்பில் அதே இடத்தில் தென் மிசௌரி என்று குரலை மாற்றிவிட்டார்கள். அழுத்தமான குரலில் சொன்னால் எதுவும் தகவல்போலத் தோன்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பொய்க்குள் கலந்த நிஜம்

இந்த எபிசோட் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. சிம்ப்சன்ஸ் 1987இல் ‘தி டிரேசி உல்மன் ஷோ’வில் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தொடங்கியது. 1989 டிசம்பரில் அரைமணி நேரத் தொடரானது. 1990இல் அவர்கள் பெயரில் நிஜமாகவே ஒரு பாட்டுத் தொகுப்பு வந்தது. டி-சட்டைகள் மலைபோல விற்றன. படிப்பில் பின்தங்கியிருப்பதில் பார்ட் பெருமைப்படுவதுபோன்ற வாசகம் கொண்ட சட்டையைச் சில அமெரிக்கப் பள்ளிகள் தடைசெய்யும் அளவுக்குப் போனது. ஆக, எபிசோடில் கேலி செய்யப்படும் வியாபார ஆசை இந்தத் தொடரின் சொந்தக் கதை.

இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். நிகழ்ச்சியின் தரம் குறைந்து, அர்த்தமில்லாத கதைகள் வந்தன என்று கதைசொல்லி சொல்லும்போது திரையில் காட்டப்படுவது 1997இல் வந்த அவர்களுடைய எபிசோடின் காட்சி. பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னர் ஓர் ஆள்மாறாட்டக்காரர் என்று சொல்லி ரசிகர்களிடம் திட்டு வாங்கிய எபிசோட் அது. இது நேர்மையா, அல்லது ‘நாங்களே சொல்லிவிட்டோமே, இனி நீங்கள் எப்படித் திட்டுவீர்கள்?’ என்ற சாமர்த்தியமா? இரண்டும் கலந்துதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாமே நம் குறையைச் சொல்லிச் சிரித்தால் மற்றவர் வாய் அடைபடும். அந்த வகையில், தான் கேலி செய்யும் ஆவணப்படங்களின் அதே தந்திரத்தைத்தான் இந்த எபிசோடும் செய்கிறது. மாணவர்கள் விவாதிக்க நல்ல கேள்வி இது. ஒற்றை விடை கிடையாது.

குறையும் சொல்ல வேண்டும். குடும்பம் பிரிந்த பிறகு ஆளுக்கொரு வேலைக்குப் போகும் பகுதியில் வேகம் மட்டும்தான் இருக்கிறது. ஹோமர் மேடை நாடகத்துக்குப் போகிறார், பார்ட் இன்னொரு தொடரில் நடிக்கிறான் என்று சிரிப்புகள் அடுக்கப்படுகின்றன. கழுத்து நெரிப்பும் பள்ளத்தாக்கும் கொடுத்த அதிர்ச்சி அங்கே இல்லை. வில்லி நெல்சன் வந்து சேர்த்துவைப்பதும் அவசரம். ‘அசலிலும் மீட்சி இப்படித்தான் அவசரமாக வரும், அதைத்தானே கேலி செய்கிறார்கள்’ என்று ஒரு மாணவன் வாதாடினான். நல்ல வாதம். அவனுக்குப் புள்ளி கொடுத்தேன். ஆனாலும் என் கருத்து மாறவில்லை.

நம் கட்டுரை வகுப்புக்கு இதில் என்ன?

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியிலிருந்தே ‘தன்கதை’ எழுதிப் பழகி வருகிறார்கள். நான் ஒரு புத்தகப்பை. தொழிற்சாலையில் பிறந்தேன். கடையில் கண்ணாடி அலமாரியில் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மாணவன் என்னை வாங்கினான். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான். நாளாக நாளாகக் கிழிந்தேன். இப்போது குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் வடிக்கிறேன். பேனா, குடை, மிதிவண்டி, நாற்காலி எல்லாவற்றுக்கும் இதே வாழ்க்கைதான். சிம்ப்சன்ஸ் பார்த்து முடித்ததும் படிவம் நான்கு மாணவன் ஒருவன் எழுந்து, “டீச்சர், இது நம்ம புத்தகப்பை கதைதானே?” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவன் தன் அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்தான். அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நாசி லெமாக் பொட்டலம் கட்டுவார். வாழை இலையை அடுப்புத் தணலில் வாட்டும் வாசனைக்கு இவன் விழித்துக்கொள்வான். எண்ணிக்கை சரியா என்று இவன்தான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கட்டுரை. நான் சிவப்பு மையில் எழுதினேன்: ‘நன்று. ஆனால் திருப்பம் இல்லை. ஒரு சோதனையைச் சேர்க்கவும்.’ அவன் சேர்த்தான். திருத்தி எழுதிய கட்டுரையில் அம்மாவை ஒரு லாரி மோதியது. மருத்துவமனையில் மகன் அழுதான். அம்மா மீண்டு வந்தார். உழைப்பே உயர்வு தரும் என்று முடித்தான். அதிகப் புள்ளி கொடுத்தேன்.

தேர்ச்சி அறிக்கை வாங்கும் நாளில் அந்த அம்மா வந்திருந்தார். நல்ல ஆரோக்கியமாக, கையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கோடு. கட்டுரையைப் படித்திருக்கிறார். “டீச்சர், எனக்கு எப்ப எக்சிடன் ஆச்சு?” என்று கேட்டுச் சிரித்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கு அவன் பொய் எழுதினான் என்றுதான் நினைத்தேன். இந்த எபிசோடைப் பார்த்த பிறகுதான், அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கியவள் நான் என்று புரிந்தது. அவனிடம் வாழை இலையின் வாசனை இருந்தது. என்னிடம் அச்சு இருந்தது. அச்சில் வாசனைக்கு இடமில்லை.

அச்சே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தேர்வு நேரத்தில் முன்னுரை, கருத்து, முடிவு என்ற அமைப்பு இல்லாமல் எந்த மாணவனும் நேரத்துக்குள் எழுதி முடிக்க முடியாது. அமைப்பு எழுத்தைத் தாங்கும் பந்தல். ஆனால் பந்தலுக்காகக் கொடியை வெட்டுவது எந்த ஊர்த் தோட்டக்கலை?

வகுப்பில் பயன்படுத்த

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு மட்டும் போடுங்கள். மாத்திரைப் பழக்கம் முதலிய பெரியவர்களுக்கான செய்திகள் இருப்பதால், நீங்கள் முன்கூட்டியே முழுவதும் பார்த்துவிடுவது நல்லது.

முதல் பாடவேளையில் எபிசோடைப் போட்டு, ‘எளிய தொடக்கம், புகழ், சண்டை, வீழ்ச்சி, மீட்சி’ என்ற படிகள் எங்கெங்கே வருகின்றன என்று குழுவாகக் குறிக்கச் சொல்லுங்கள். பள்ளத்தாக்குக் காட்சியை இரண்டாம் முறை ஒலியில்லாமல் போட்டு, அவர்களையே ஒரு தடவை நகைச்சுவையாகவும் ஒரு தடவை சோகமாகவும் குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் பாடவேளையில், பள்ளிக் கேண்டீன் நாற்காலியையோ வகுப்பு மின்விசிறியையோ எடுத்துக்கொண்டு ‘புகழுக்குப் பின்னால்’ என்ற தலைப்பில் பத்து வரிப் பகடி எழுதச் சொல்லுங்கள். மின்விசிறிக்கு ஒரு போட்டியாளர் (குளிர்சாதனப் பெட்டி), ஒரு துரோகம், ஒரு மறுவாழ்வு. வகுப்பு கலகலவென்று ஆகிவிடும். அது முடிந்ததும் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு பணி: வீட்டில் ஒருவரைப் பற்றி, எந்தத் திருப்பமும் இல்லாமல், தாங்கள் கண்டதை மட்டும் பத்து வரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வித்தியாசத்தை நீங்கள் விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

பகடி பற்றிய கேள்வி வந்தால் விடையில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும். எந்த வடிவத்தைப் பகடி செய்கிறது? அந்த வடிவத்தின் எந்தக் கூறை அப்படியே எடுத்துக்கொள்கிறது, எதை மாற்றுகிறது? அதனால் நாம் எதைப் புதிதாகப் பார்க்கிறோம்? ‘இது சிரிப்பை வரவழைக்கிறது’ என்பதோடு நிறுத்தினால் முதல் படியில் நின்றுவிட்டீர்கள் என்று பொருள். ஒரு மாதிரி விடைப் பத்தி:

‘இந்த எபிசோட் புகழ்பெற்றவர்களைப் பற்றிய ஆவணப்படத்தைப் பகடி செய்கிறது. கதைசொல்லியின் கனத்த குரல், நேர்காணல், பழைய காட்சிகள் ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் மனிதர்களை மட்டும் கார்ட்டூன் பாத்திரங்களாக மாற்றுகிறது. இல்லாத மனிதர்களின் வாழ்க்கைகூட அந்த அச்சில் பொருந்திவிடுவதால், அச்சு மனிதர்களைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை என்பதை உணர்கிறோம்.’

இவ்வளவு எழுதினால் போதும். இதே மூன்று கேள்விகளைத் தமிழ் இலக்கியத் தாளில் அங்கதம் பயிலும் எந்தப் படைப்பிடமும் கேட்கலாம்.

எபிசோடின் முடிவில் ஹோமர் படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்து, வரப்போகும் சீசன்தான் கடைசி என்று சத்தியம் செய்கிறார். அது 2000ஆம் ஆண்டு. தொடர் இப்போது 35 சீசன்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆவணப்படத்தின் அச்சு முடிவைக் கேட்டது, இவர்கள் கொடுத்தார்கள். மறுவாரம் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மாவும் அப்படித்தான். கட்டுரையில் அவர் விபத்திலிருந்து மீண்டு எல்லாருக்கும் பாடம் சொல்லி முடித்துவிட்டார். மறுநாள் காலை நான்கு மணிக்கு அடுப்பு எரிந்திருக்கும், இலை வாடியிருக்கும்.

அடுத்த முறை ஒரு மாணவர் ‘ஒன்றுமே நடக்காத’ கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், சிவப்புப் பேனாவைத் திறக்கும் முன் ஒரு தடவை முழுசாகப் படித்துப் பாருங்கள். நான் அப்படித்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.